இயந்திரத்தின் நாடி

நுழையும்முன்

காய்ச்சல் கண்டவரின் கையைப் பற்றி நாடி பார்ப்பது மருத்துவரின் முதற்பணி. உடல் தன் துன்பத்தைச் சொல்லால் உரைப்பதற்கு முன்பே வெப்பத்தாலும் துடிப்பாலும் உணர்த்திவிடுகிறது. இயந்திரமும் அவ்வாறே தன் பழுதை முன்கூட்டியே உணர்த்துகிறது. அதனைக் கேட்கும் செவியாக இன்று உணரிகள் அமைந்துள்ளன. பெருந்தொழிற்சாலைகளுக்கே உரியதாகக் கருதப்பட்ட இத்தொழில்நுட்பம், பத்துப்பேர் பணிபுரியும் பட்டறைக்கு எவ்வாறு துணைநிற்கும் என்பதையும் அதனைக் கையாளும்போது கருத்தில் கொள்ள வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

பட்டறைகளின் நகரம்

கோயம்புத்தூரின் கணபதி, பீளமேடு பகுதிகளின் தெருக்களில் நடந்து செல்வோர் இரும்பைக் கடையும் ஓசையைக் கேளாமல் செல்ல இயலாது. வீட்டின் முன்புறத்தில் இரண்டு லேத்துகளுடன் இயங்கும் பட்டறை, அடுத்த தெருவில் வார்ப்படச்சாலை, அதற்கப்பால் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கூடம் எனத் தொழில் அங்குத் தெருத்தெருவாகப் பரவியுள்ளது.

இவ்வளர்ச்சி ஒரே நாளில் தோன்றியதன்று. 1888இல் கோவையில் நூற்பாலை தொடங்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைக்கத் தொடங்கியதும் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் தேவைப்பட்டன. அவற்றைச் செய்து தரப் பட்டறைகள் தோன்றின. மழை குறைந்த கொங்கு மண்ணில் உழவர்கள் ஆழமான கிணறுகளிலிருந்து நீரை இறைக்க வேண்டியிருந்தது. அத்தேவை நீரேற்றிகளையும் மோட்டார்களையும் உருவாக்கத் தூண்டியது. ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் 1937இல் இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட மின்மோட்டார் இந்நகரில் உருப்பெற்றது. மாவரைக்கும் கிரைண்டருக்குக் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்று புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு அத்தொழில் மரபு வேரூன்றியது.

இத்தகைய நகரங்களின் வலிமை சிறுதொழில்களில் உள்ளது. ஒரு நீரேற்றியின் தண்டு ஓரிடத்திலும் சுழல்தட்டு வேறோரிடத்திலும் உறை மற்றோரிடத்திலும் உருவாகின்றன. எனவே, ஒரு பட்டறையின் லேத் நின்றுபோனால் அதன் விளைவு அப்பட்டறையோடு முடிவதில்லை. அது பல கைகளைக் கடந்து, வயலில் நீருக்குக் காத்திருக்கும் உழவர் வரை சென்றடைகிறது.

ஒரு வியாழக்கிழமை இரவு

ஒரு பட்டறையை எண்ணிப் பார்ப்போம். அங்குப் பத்துப்பேர் பணிபுரிகின்றனர். நான்கு லேத்துகளும் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரம் ஒன்றும் உள்ளன. நீரேற்றித் தண்டுகளைக் கடைந்து சனிக்கிழமை காலைக்குள் ஒப்படைக்க வேண்டும். வியாழக்கிழமை இரவு முதன்மை இயந்திரத்தின் சுழல்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்துவிடுகிறது. உடைந்த பேரிங்கின் விலை பெரிதன்று. ஆனால் அது உள்ளூர்க் கடையில் இருப்பில் இல்லை. வெளியூரிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் உடைந்த பேரிங் சுழல்தண்டையும் கீறிவிட்டது. சனிக்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டிய பொருள் அடுத்த புதன்கிழமைதான் சென்று சேர்கிறது.

பெரிய ஆலைக்கு மாற்று இயந்திரம் உண்டு. பராமரிப்புக்கெனத் தனிப்பிரிவு உண்டு. இழப்பைத் தாங்கும் நிதியும் உண்டு. சிறு பட்டறைக்கு அம்மூன்றும் இல்லை. ஒருமுறை நாள் தவறினால் அடுத்த வேலை வேறு பட்டறைக்குச் சென்றுவிடும். வேலை குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது அங்குப் பணிபுரிவோரின் வாரக்கூலியே. ஆகவே, ‘பேரிங் எப்போது உடையும்?’ என்னும் வினா பொறியியல் வினா மட்டுமன்று. அது பத்துக் குடும்பங்களின் வாழ்வாதார வினாவுமாகும்.

செவி கண்ட அறிவு

இவ்வினாவுக்கு விடை காணும் முறை பட்டறைகளில் முன்பே இருந்தது. பட்டறிவு மிக்க மூத்த தொழிலாளர் ஒரு திருப்புளியின் முனையைப் பேரிங் பொருந்திய பகுதியின்மீது வைத்து, அதன் கைப்பிடியைத் தம் செவியோடு பொருத்திக் கேட்பார். இரும்பின் வழியே வரும் ஓசையைக் கொண்டு, ‘இது இன்னும் ஒரு மாதம் ஓடும்’ என்றோ ‘இன்றே மாற்றிவிட வேண்டும்’ என்றோ கூறுவார். இயந்திர உறையைப் புறங்கையால் தொட்டு வெப்பத்தை அறிவார். வெட்டி வரும் இரும்புச் சுருளின் நிறத்தைப் பார்த்தே வெட்டுளி மழுங்கியதை உணர்வார்.

இது நூலில் எழுதப்படாத அறிவு. முப்பது ஆண்டுப் பழக்கத்தால் கையிலும் செவியிலும் படிந்த அறிவு. அவர் பணி ஓய்வு பெறும் நாளில் அவ்வறிவும் அவரோடு வெளியேறிவிடுகிறது. மேலும், அவர் எத்துணைத் திறமையாளராயினும் ஒரே நேரத்தில் ஐந்து இயந்திரங்களுக்கும் செவி கொடுக்க இயலாது. இரவு முழுதும் விழித்திருக்கவும் இயலாது. இவ்விரு குறைகளையும் நிறைவு செய்யவே உணரிகள் துணைவருகின்றன.

உணரியும் அதன் இணைப்பும்

வெப்பம், அதிர்வு, அழுத்தம், ஈரம், மின்னோட்டம் போன்ற இயற்பியல் அளவுகளை உணர்ந்து அவற்றை மின்குறிப்பாக மாற்றித் தரும் சிறு கருவியே உணரி. திருப்புளியைச் செவியில் வைத்துக் கேட்ட அதே செயலை அதிர்வு உணரி செய்கிறது. நகக்கண் அளவே உள்ள சிலிக்கான் சில்லின் உள்ளே, அதிர்வுக்கேற்ப அசையும் நுண்ணிய அமைப்பு உள்ளது. அவ்வசைவு எண்களாக மாற்றப்படுகிறது.

அவ்வெண்கள் கூறும் செய்தியை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். எட்டு உருள்மணிகளைக் கொண்ட பேரிங் ஒன்று நிமிடத்திற்கு 1500 முறை, அதாவது விநாடிக்கு 25 முறை சுழல்கிறது. அதன் வெளிவளையத்தில் கடுகளவு பள்ளம் விழுந்துவிட்டால், ஒவ்வொரு மணியும் அப்பள்ளத்தைக் கடக்கும்போது மெல்லிய தட்டல் ஒன்று எழும். மணிகளின் எண்ணிக்கையையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு கணக்கிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 80 தட்டல்கள் எழவேண்டும் என்பது தெரியவரும். உணரி தரும் அதிர்வில் அந்த எண்பதாம் எண் தலைதூக்கினால், பழுது வெளிவளையத்தில் உள்ளது என்று பெயர் சுட்டிக் கூறிவிடலாம். பேரிங் சூடேறுவதும் காதுக்குக் கேட்கும்படி இரைவதும் பழுது முற்றிய பின்னரே நிகழ்வன. அதிர்வோ அவற்றுக்கு வெகு முன்பே மாறத் தொடங்குகிறது. அந்த இடைவெளிக்குள் புதிய பேரிங்கை வரவழைத்து, வேலை குறைந்த ஒரு நாளில் மாற்றிவிட முடியும்.

உணரி தனித்து நின்றால் அது வெறும் அளவுகோலே. அதன் அளவுகளை ஒரு சிறு மின்னணுப் பலகை திரட்டுகிறது. கம்பியில்லா வலைப்பின்னல் வழியே கணினிக்கோ இணையச் சேமிப்பகத்திற்கோ அனுப்புகிறது. வரையறுத்த எல்லையை அளவு கடந்தால் உரிமையாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை வருகிறது. உணர்தல், அனுப்புதல், சேமித்தல், ஒப்பிடுதல், உணர்த்துதல் என்னும் ஐந்து படிகளும் சேர்ந்ததே ‘பொருள்களின் இணையம்’ ஆகும்.

தெரிந்து தெளிவோம்

• 1982இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் ஒரு குளிர்பான இயந்திரத்தைக் கணினி வலைப்பின்னலோடு இணைத்தனர். புட்டிகள் உள்ளனவா, அவை குளிர்ந்துள்ளனவா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிவது அவர்கள் நோக்கம்.
• ‘பொருள்களின் இணையம்’ என்னும் பொருள்படும் சொற்றொடரைக் கெவின் ஆஷ்டன் 1999இல் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.
• உணரிகள் தம் செய்திகளைச் சுருக்கமாக அனுப்ப உதவும் எம்.க்யூ.டி.டி. என்னும் செய்திப் பரிமாற்ற நெறிமுறையும் 1999இல் உருவானதே. தொலைதூர எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க அது வடிவமைக்கப்பட்டது.
• ‘தொழில்துறை 4.0’ என்னும் கருத்து 2011இல் செருமனியின் ஹனோவர் தொழிற்கண்காட்சியில் அறிமுகமானது.

பழைய இயந்திரமும் பேசும்

‘இவையெல்லாம் புதிய இயந்திரங்களுக்கே பொருந்தும்; எங்களிடம் இருப்பது முப்பது ஆண்டுப் பழைய லேத்’ என்பது பட்டறை உரிமையாளர் பலரின் எண்ணம். அவ்வெண்ணம் சரியன்று. பழைய லேத்தில் கணினி இல்லை. ஆனால் அதற்கு மின்சாரம் தரும் கம்பி உள்ளது. அக்கம்பியை வெட்டாமல், அதனைச் சுற்றி வளையம்போல் மாட்டக்கூடிய மின்னோட்ட உணரி உண்டு. மோட்டார் நின்றிருந்தால் மின்னோட்டம் இல்லை. வெறுமனே சுழன்றால் மின்னோட்டம் குறைவு. இரும்பை வெட்டும்போது மிகுதி. இம்மூன்று நிலைகளையும் வேறுபடுத்தி அறிந்தாலே, அந்த லேத் நாள்தோறும் எவ்வளவு நேரம் உண்மையில் உழைத்தது என்பது விளங்கிவிடும்.

இதற்கான மின்னணுப் பலகைகளும் இன்று எளியோர்க்கு எட்டும் நிலையில் உள்ளன. 2005இல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவாக்கப்பட்ட அர்டுயினோ பலகையும், 2016இல் வெளிவந்த, கம்பியில்லாத் தொடர்பு வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட இ.எஸ்.பி.32 சில்லும் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களிலேயே புழங்குகின்றன. முற்காலத்தில் பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்க முடிந்த ஒரு வசதி, இன்று தொழிற்பயிற்சி நிலைய மாணவரின் மேசைக்கு வந்துள்ளது. எனினும், ஆய்வகப் பலகையை அப்படியே பட்டறையில் மாட்டிவிட முடியாது. எண்ணெய், தூசி, வெப்பம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைத் தாங்கும் உறையும் பாதுகாப்பும் அதற்கு இன்றியமையாதவை.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகள்

பழுதை முன்னறிவது உணரியின் ஒரு பயனே. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கசியும் இழப்பைக் காட்டுவது அதன் மற்றொரு பயன்.

ஓர் இயந்திரம் ஒரு நாளில் 400 நிமிடம் இயங்கவேண்டும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது. அமைப்பு மாற்றம், மூலப்பொருளுக்காகக் காத்திருத்தல் ஆகியன போக 320 நிமிடமே அது இயங்கியது. ஒரு பொருளைக் கடைய 2 நிமிடம் ஆகும். ஆகவே 160 பொருள்கள் உருவாகியிருக்க வேண்டும். உருவானவை 144. அவற்றுள் குறையின்றித் தேறியவை 126. நேரத்தில் 80 விழுக்காடு, வேகத்தில் 90 விழுக்காடு, தரத்தில் 87.5 விழுக்காடு என ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் நிலைமை மோசமில்லை என்றே தோன்றும். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 63 விழுக்காடு. அதாவது, இயந்திரத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயனின்றிப் போயிற்று. ‘நாள் முழுதும் இயந்திரம் ஓடிக்கொண்டுதானே இருந்தது’ என்று நம்பிய உரிமையாளருக்கு இவ்வெண் புதிய செய்தியாகும். புதிதாக ஓர் இயந்திரம் வாங்கக் கடன் பெற எண்ணியவர், இருக்கும் இயந்திரத்திலேயே இடம் இருப்பதைக் கண்டுகொள்வார்.

அழுத்தக் காற்றின் கசிவும் இத்தகையதே. காற்றழுத்திக் குழாயில் 3 மில்லிமீட்டர் அளவுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 7 பார் அழுத்தத்தில் அத்துளை வழியே வெளியேறும் காற்றை ஈடுசெய்ய ஏறத்தாழ 3 கிலோவாட் மின்திறன் செலவாகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் எனக் கணக்கிட்டால் மாதத்திற்கு 600 யூனிட்; ஆண்டுக்கு 7200 யூனிட். பகலில் பட்டறை இரைச்சலில் கசிவின் ஓசை எவர் காதிலும் விழுவதில்லை. வேலை முடிந்து எல்லா இயந்திரங்களும் நின்ற பின்னும் குழாயில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதை அழுத்த உணரி பதிவு செய்தால், கசிவு உண்டென்பது உறுதியாகிவிடும்.

வார்ப்படச்சாலையில்

வார்ப்படத் தொழிலில் உணரியின் தேவை இன்னும் மிகுதி. உருகிய இரும்பு 1400 செல்சியசுக்கு மேல் சூடேற்றப்படுகிறது. ஊற்றும் வெப்பநிலை குறைந்தால் இரும்பு அச்சின் மூலைகளுக்குச் சென்று சேராமலே உறைந்துவிடும். மிகுந்தால் அச்சு மணல் உருகி வார்ப்பில் ஒட்டிக்கொள்ளும். இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்து, வெப்பத்தால் எழும் நுண்ணிய மின்னழுத்தத்தை அளக்கும் வெப்பமின் இணை இங்குப் பயன்படுகிறது. இதன் அடிப்படை விளைவைத் தாமஸ் சீபெக் 1821இல் கண்டறிந்தார்.

ஈரமணல் அச்சில் ஈரம் பொதுவாக 3 முதல் 4 விழுக்காடு வரை இருத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் நீராவி எழுந்து வார்ப்பினுள் காற்றுக்குமிழ்கள் தங்கிவிடும். குறைந்தால் அச்சு உதிர்ந்து மணல் இரும்புக்குள் விழும். பட்டறிவுடையோர் மணலைக் கையில் பிடித்து இறுக்கிப் பார்த்தே ஈரத்தை மதிப்பிடுவர். மழைக்காலத்தில் மணலின் ஈரம் மணிக்கு மணி மாறும்போது அக்கைக்கு ஈர உணரி துணைநிற்கும்.

தூண்டல் உலையில் ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 550 முதல் 700 யூனிட் மின்சாரம் செலவாகிறது. இச்செலவில் ஒரு பகுதி, இரும்பு உருகிய பின் அச்சுகள் அணியமாகாததால் உலை காத்திருக்கும் நேரத்தில் வீணாகிறது. உலையின் மின்செலவும் அச்சு அணியமான நேரமும் ஒரே திரையில் அருகருகே தெரிந்தால், குறை உலையில் இல்லை, வேலையின் ஒழுங்கமைப்பில் உள்ளது என்பது புலப்படும்.

நொய்யல் கற்பித்த பாடம்

உணரி பட்டறையின் வரவு செலவுக்கு மட்டும் உரியதன்று. பட்டறைக்கு வெளியே உள்ளோர்க்கும் அதனால் பயனுண்டு. திருப்பூரின் சாயக் கழிவுநீர் நொய்யலாற்றை மாசுபடுத்தியது. ஆற்றுநீரை நம்பிய உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாய ஆலைகளை மூடுமாறு 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆலைகள் மூடப்பட்டபோது பின்னலாடைத் தொழிலின் மற்றப் பிரிவுகளும் தொழிலாளர்களும் பெருந்துன்பத்துக்கு உள்ளாயினர்.

2014இல், மிகுதியாக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டும் என மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பணித்தது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் அளப்பதற்கும் இரவும் பகலும் இடையறாது அளப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. நேர்மையாகத் தொழில் செய்வோர்க்குத் தொடர் அளவு ஒரு சான்றாகிறது. ஆற்றின் கரையில் வாழ்வோர்க்கு அது ஒரு காப்பாகிறது. எனினும், கருவி காட்டும் எண்ணை மனிதர் திருத்தாதிருத்தல் வேண்டும். அளவுகோல் நேராக இருப்பது அதனைப் பிடிக்கும் கையைப் பொறுத்தது.

நோயும் நோயின் காரணமும்

நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதனைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து ஏற்றவாறு மருத்துவம் செய்யவேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வகுக்கிறது. உணரியின் எல்லையை இம்முறையைக் கொண்டே விளக்கலாம்.

உணரி நோயைக் காட்டும். அதிர்வு மிகுந்துள்ளது என்று அது கூறும். அதிர்வு மிகுந்தது பேரிங் தேய்ந்ததாலா, மோட்டாரும் நீரேற்றியும் ஒரே நேர்கோட்டில் பொருத்தப்படாததாலா, அடித்தளப் போல்ட் தளர்ந்ததாலா என்று ஆராய்ந்து காரணம் காண்பதில் மனிதரின் பங்கு பெரிது. திருப்புளியைச் செவியில் வைத்துக் கேட்ட மூத்த தொழிலாளரின் மதிப்பு உணரி வந்ததால் குறைவதில்லை. உணரி காட்டும் கோட்டுப்படத்தை அவரிடம் காட்டி, ‘இந்த ஏற்றம் எதனால்?’ என்று கேட்டு, அவர் கூறும் விடையை அப்படத்தோடு சேர்த்து எழுதிவைத்தால், முப்பது ஆண்டு அறிவு முதன்முறையாக எழுத்து வடிவம் பெறுகிறது. அவருக்குப் பின் வரும் இளைஞருக்கு அதுவே பாடநூலாகும்.

உணரியே பிழைபடுவதும் உண்டு. தூசி படிந்த உணரி தவறான அளவைக் காட்டும்; தளர்ந்த உணரி தன் அசைவையே இயந்திரத்தின் அதிர்வாக அறிவிக்கும். குறித்த கால இடைவெளியில் அளவுத்திருத்தம் செய்யாத உணரியை நம்புவது, நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துப் பேருந்துக்குச் செல்வதைப் போன்றது.

தெரியுமா?

இயந்திர அதிர்வை மதிப்பிடப் பன்னாட்டுத் தர அமைப்பு ஐ.எஸ்.ஓ. 10816 என்னும் நெறியை வகுத்தது. அதன்படி 15 கிலோவாட் வரையுள்ள சிறு மோட்டார்களில் அதிர்வின் வேகம் விநாடிக்கு 0.71 மில்லிமீட்டர் வரை இருந்தால் நன்று, 1.8 வரை ஏற்கத்தக்கது; 4.5ஐக் கடந்தால் இயந்திரத்துக்குத் தீங்கு நேரும் நிலையாகும்.

தரவு யாருக்கு உரியது?

இணைப்பு என்பது இருபுறமும் திறக்கும் கதவு. பட்டறையின் செய்தி வெளியே செல்லும் வழியில் அயலாரும் உள்ளே வரக்கூடும். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், உலகெங்கும் இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த கண்காணிப்புப் படக்கருவிகள் போன்ற எண்ணற்ற கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றுள் பல, விற்பனையின்போது தரப்பட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் பயன்படுத்தப்பட்டவை. புதிய பூட்டை வாங்கிச் சாவியை வாசலிலேயே தொங்கவிடுவது எத்தகையதோ அத்தகையது அது. கடவுச்சொல்லை மாற்றுதலும், பட்டறை இயந்திரங்களின் வலைப்பின்னலை அலுவலக இணைப்பிலிருந்து பிரித்து வைத்தலும் பொருட்செலவின்றியோ சிறு செலவிலோ செய்யத்தக்க காப்புகள்.

மற்றொரு வினாவும் உண்டு. பட்டறையின் இயந்திரம் எவ்வளவு நேரம் இயங்குகிறது, ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவாகிறது என்பன வேலை தரும் பெருநிறுவனத்தின் கையில் கிடைத்தால், அடுத்த விலைப்பேச்சில் சிறு உற்பத்தியாளரின் நிலை என்னாகும்? ஆகவே, தரவு எங்குச் சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம், ஒப்பந்தம் முடிந்தபின் அது யாரிடம் இருக்கும் என்பவற்றை எழுத்து வடிவில் முன்னரே உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது வினா தொழிலாளரைப் பற்றியது. இயந்திரம் நின்ற நிமிடங்களை உணரி எண்ணுகிறது. அந்நிமிடங்களைக் கொண்டு ‘ஏன் நின்றது?’ என்று வினவினால் மூலப்பொருள் தாமதமோ கருவிக் குறையோ வெளிப்படும். ‘யார் நிறுத்தியது?’ என்று மட்டும் வினவினால் அச்சம் பிறக்கும். அச்சம் கொண்ட இடத்தில் இயந்திரத்தை வெறுமனே சுழலவிட்டு எண்ணை நிறைவுசெய்யும் வழக்கம் தோன்றும். அப்போது உணரி காட்டும் தரவும் பொய்யாகிவிடும். எதை அளக்கிறோம், எதற்காக அளக்கிறோம் என்பதைத் தொழிலாளரிடம் முன்கூட்டியே விளக்கி, கிடைக்கும் பயனில் அவர்க்கும் பங்கு தரும் பட்டறையில் மட்டுமே உணரி உண்மை பேசும்.

சிறிதாகத் தொடங்குதல்

எல்லா இயந்திரங்களிலும் ஒரே நாளில் உணரிகளைப் பொருத்துவது அறிவுடைமையன்று. முதலில் பட்டறையின் மிகப்பெரிய துன்பம் எது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடிக்கடி நிற்கும் இயந்திரமா, மிகுந்துவரும் மின்கட்டணமா, தேறாமல் திரும்பிவரும் பொருள்களா? அவ்வொன்றை மட்டும் அளக்கும் உணரியை ஓர் இயந்திரத்தில் பொருத்திச் சில மாதங்கள் அளவுகளைத் தொகுக்க வேண்டும். வழக்கமான நிலை எது என்பதை அறிந்த பின்னரே வழக்கத்திற்கு மாறான நிலையை அடையாளம் காணமுடியும். கிடைத்த பயன் செலவை ஈடுசெய்தால் அடுத்த இயந்திரத்திற்குச் செல்லலாம்.

தனித்து இயலாததைக் கூடிச் செய்யலாம். 1969இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் மாவட்டச் சிறுதொழில்கள் சங்கமான கொடிசியா போன்ற அமைப்புகள் தொழில்முனைவோரை ஒன்றிணைக்கின்றன. ஒரே தெருவில் உள்ள பத்துப் பட்டறைகள் சேர்ந்து பயிற்சி பெற்ற ஒருவரைப் பணியமர்த்தினால், ஒவ்வொன்றும் தனித்தனியே பெறமுடியாத பராமரிப்புப் பிரிவு அவற்றுக்குக் கிடைத்துவிடும். இயந்திரவியலும் மின்னணுவியலும் கணினியும் ஓரளவு அறிந்த, தமிழில் தொழிலாளரோடு உரையாடத் தெரிந்த இளைஞர்களுக்கு இங்கே புதிய வேலைவாய்ப்பு காத்திருக்கிறது.

கோவையின் பட்டறைகளை உருவாக்கியது வறட்சி. நீருக்காக ஆழமாகத் தோண்டவேண்டியிருந்த மக்கள், அதற்கான கருவிகளைத் தாமே செய்துகொண்டனர். தேவையை உணர்ந்து கருவியைப் படைத்த அம்மரபுக்கு உணரி அயலானதன்று. இரும்பின் ஓசையைத் திருப்புளியால் கேட்ட செவியும் அதனை எண்ணாக மாற்றும் சில்லும் ஒரே பணியையே செய்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு இயங்கும் பட்டறையில், வியாழக்கிழமை இரவு உடையவிருந்த பேரிங் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே மாற்றப்பட்டிருக்கும். சனிக்கிழமை காலையில் தண்டுகள் உரிய இடத்திற்குச் சென்று சேர்ந்திருக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள சிறுதொழிற்கூடம் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ளோர் ஓசை, நிறம், தொடுவெப்பம் ஆகியவற்றைக் கொண்டு இயந்திரத்தின் நிலையை அறியும் முறைகளைக் கேட்டுத் தொகுக்க.
2. பட்டறைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் தொழிற்சொற்கள் இருபதைத் திரட்டி, அவற்றுக்குப் பொருள் எழுதி அகரவரிசைப்படுத்துக.
3. ‘பணியிடத்தில் உணரிகள் – தொழிலாளர்க்குத் துணையா, கண்காணிப்பா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் உரையாடுக.

கலைச்சொல் அறிவோம்

உணரி – சென்சார்
உருள்தாங்கி – பேரிங்
கடைசல் இயந்திரம் – லேத்
காற்றழுத்தி – கம்ப்ரசர்
வெப்பமின் இணை – தெர்மோகப்பிள்
வார்ப்படச்சாலை – பவுண்டரி
அளவுத்திருத்தம் – காலிபிரேஷன்

மதிப்பீடு

குறுவினா
1. மின்னோட்ட உணரி பழைய லேத்தின் எம்மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காட்டுகிறது?
2. ஈரமணல் அச்சில் ஈரம் மிகுவதாலும் குறைவதாலும் நேரும் குறைகள் யாவை?

சிறுவினா
1. பேரிங்கின் பழுதை அதிர்வு உணரி முன்கூட்டியே அறியும் முறையை விளக்குக.
2. ‘இணைப்பு என்பது இருபுறமும் திறக்கும் கதவு’ – இக்கூற்றைப் பாடப்பகுதி வழி நிறுவுக.

நெடுவினா
1. தொழிலாளரின் பட்டறிவும் உணரித் தொழில்நுட்பமும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் வகையைத் தக்க சான்றுகளுடன் கட்டுரைக்க.